ஃபோனில் பார்த்த காற்றழுத்தம்

மருத்துவ இயற்பியல் முதுகலை வகுப்பில் பன்னிரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கிற மெஷின், கொடுப்பதாகச் சொல்லும் அளவைத்தான் நிஜமாகவே கொடுக்கிறதா என்று அளந்து பார்க்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைத் தயார் செய்வது எங்கள் பிழைப்பு. வருடத்துக்கு எட்டுப் பேர் சேருவார்கள். எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். அந்த ஒரு வருடம் மட்டும் ஏழு பிள்ளைகளோடு எட்டாவதாக அக்கா வந்து சேர்ந்தார்.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது, எனக்கு முப்பத்தெட்டு. பதினாறு வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் அதே மெஷினை இயக்கும் டெக்னீஷியனாக இருந்தவர். நோயாளியை மேசையில் படுக்க வைத்து, உடம்பில் போட்ட கோடுகளைச் சரிபார்த்து, கனமான கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து பொத்தானை அமுக்குகிற வேலை. வேலைக்கு நடுவிலேயே இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, மகள் கல்லூரியில் சேர்ந்த அதே மாதம் எங்களிடம் சேர்ந்தார். "வீட்டுல ரெண்டு பேருக்கும் ஒரே மேசை சார். அவ பரீட்சைக்கு நான் காபி போடணும், என் பரீட்சைக்கு அவ போடணும். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல பரீட்சை, காபிதான் யாரும் போடல" என்பார்.

பிள்ளைகள் அக்கா என்று கூப்பிட்டார்கள். ஒரே மாதத்தில் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அவர் மட்டும் என்னை விடாமல் சார் என்றார்.

கேள்வி கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பலகை நிறைய நான் சமன்பாடு எழுதி, கையைத் தட்டிக்கொண்டு திரும்பினால், "இது தப்பாப் போனா யார் மேல சார் விழும்?" என்பார். "முதல்ல பரீட்சைத் தாள் மேல விழும்க்கா, எழுதுங்க" என்பேன். வகுப்பே சிரிக்கும், அவரும் சிரிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். கொஞ்சம் பயமும் உண்டு. நான் புத்தகத்தில் படித்த மெஷினோடு அவர் பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவர்.

ஆய்வக வகுப்பு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதிர்வீச்சை அளக்க சேம்பர் என்று ஒரு கருவி, விரல் நுனி அளவுதான் இருக்கும். உள்ளே வெறும் காற்று. கதிர் பட்டால் அந்தக் காற்றில் மின்னூட்டம் உண்டாகும், அதை எண்ணி அளவைச் சொல்லிவிடலாம். ஆனால் உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பது அந்த அறையின் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அதனால் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு பாரோமீட்டரும் வேண்டும்.

எங்கள் ஆய்வகத்து பாரோமீட்டரின் முள் ஒட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. புதிது கேட்டு எழுதி எழுதி எனக்கு அலுத்துப்போய், செய்முறைத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: "அழுத்தத்தை ஃபோனில் வானிலைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளவும்." ஃபோன் காட்டுவது அந்த இடத்தின் நிஜ அழுத்தம் அல்ல. அந்த ஊர் கடல்மட்டத்தில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று திருத்திய எண். நாங்கள் இருப்பது கடலோரம், இங்கே இரண்டும் ஒன்றுதான். மேட்டு ஊரில் நிஜ அழுத்தம் அதைவிடக் குறையும். இது எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். எழுதவில்லை. சோம்பல், வேறென்ன.

அக்கா தாளைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஃபோன்ல காட்டுறதும் இந்த ரூம்ல இருக்குறதும் ஒண்ணா சார்?"

அன்று காலையில்தான் துறைத் தலைவரோடு பாட நேர அட்டவணைக்காக வாக்குவாதம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஒண்ணுதான்க்கா. எல்லாத்துக்கும் கேள்வி கேட்டுட்டே இருந்தா எப்ப முடிக்கிறது? பின்னாடி ஏழு பேரு நிக்கிறாங்க பாருங்க" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்கா முகம் ஒரு நொடி சுண்டியது. பிறகு குனிந்து, ஒன்றுதான் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

படிப்பும் பயிற்சியும் முடிந்து, மேட்டு நிலத்தில் இருக்கும் ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கே இந்த வேலைக்கு அவர் ஒருவர்தான். இரண்டு வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஃபோன் செய்தார்.

"சார், ஆறு வாரம் முன்னாடி மெஷின்ல ஒரு பார்ட் மாத்தினாங்க. மாத்தினா மறுபடி அளந்து செட் பண்ணணும் இல்ல, நான்தான் பண்ணேன். இப்ப வெளியில இருந்து தபால்ல வில்லை அனுப்பி மெஷின் அளவச் சோதிப்பாங்களே, அந்த ரிசல்ட் வந்திருக்கு. ஏழு பர்சென்ட் கூடுதலாப் போகுதாம் சார். எங்க தப்புன்னே தெரியல. கேபிள் பாத்துட்டேன், சேம்பர் பாத்துட்டேன். பாரோமீட்டர் மட்டும் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு, அதனால ஃபோன்ல பாத்து எழுதினேன்."

என் மனதில் கணக்கு அந்த நொடியே முடிந்துவிட்டது. மேட்டு ஊரின் காற்று மெல்லியது, சேம்பருக்குள் காற்று குறைவு, அதனால் அளவு குறைவாகக் காட்டியிருக்கும். ஃபோன் எண்ணை நம்பியதால் அந்தக் குறைவை அவர் திருத்தவில்லை. மெஷின்தான் குறைவாகக் கொடுக்கிறது என்று நினைத்து ஏற்றி வைத்திருக்கிறார். ஏழு சதவீதம் சரியாகப் பொருந்தியது.

"ஹலோ, சார்? நாளைக்கு ட்ரீட்மென்ட்ட நிறுத்திடவா? டாக்டர் என்னைத்தான் கேக்குறாரு."

நிறுத்துங்கள் என்ற ஒரு சொல் போதும். அடுத்த வாரம் எங்கள் படிப்புக்கு அங்கீகாரத்தைப் புதுப்பிக்கப் பார்வைக் குழு வருவதாக இருந்தது. ஃபோனில் பார்க்கச் சொன்ன அந்தச் செய்முறைத் தாளில் என் கையெழுத்து இருக்கிறது. "அவசரப்படாதீங்கக்கா. தபால் சோதனையிலயும் தப்பு வரும். தெர்மாமீட்டர இன்னொரு தடவ பாருங்க. நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் கடைக்குப் போய் என் கைக்காசில் ஒரு பாரோமீட்டர் வாங்கி வந்து ஆய்வகச் சுவரில் மாட்டினேன். செய்முறைத் தாளைத் திருத்தி அச்சடித்தேன். பழைய தாள்களை ஒன்று விடாமல் கிழித்துப் போட்டேன். துறைத் தலைவர் எட்டிப் பார்த்து, "அட, புதுசு மாட்டியாச்சா? குழு வர்ற நேரத்துல நல்ல வேலை பண்ணீங்க" என்று பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். அந்த ஊரில் ஒவ்வொருவராக மேசையில் ஏறிப் படுத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து நிமிடத்துக்கு ஓர் ஆள். சாயங்காலம் ஐந்து மணி வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், ஃபோனைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலையில் கூப்பிட்டேன். ஃபோன் காட்டுவது கடல்மட்டத்துக்குத் திருத்திய எண் என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. "வெச்சிடறேன் சார், டாக்டருக்குச் சொல்லணும்" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து விசாரணை. பெரும்பாலான நோயாளிகளுக்குப் பெரிய கேடு வராது என்றார்கள். சிலருக்குப் புண் அதிகமாகிவிட்டது, பின்னால் என்ன வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்கா இனிமேல் மெஷினை அளக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய மூன்று பேர் குழு. படிப்பு நடத்தியவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். "செய்முறைத் தாளக் கேட்டா புதுசக் குடுங்க. வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க" என்று துறைத் தலைவர் சொல்லி அனுப்பினார். கிளம்பும்போது, "என்னங்க, முகமே சரியில்லையே?" என்று கேட்ட மனைவி மேல் எரிந்து விழுந்தேன்.

குழுவின் தலைவி நரைத்த முடியும் மெல்லிய குரலும் உள்ள அம்மா. "அழுத்தத்த ஃபோன்ல பாக்கலாம்னு வகுப்புல சொல்லிக் கொடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "சார் சொன்னது அந்த ஊருக்குச் சரிதாங்க மேடம். அது கடலோரம். மேட்டுக்கு வந்த பிறகு யோசிக்காம விட்டது நான். தெரிஞ்சதும் சார்தான் கூப்பிட்டுச் சொன்னாரு. இல்லன்னா இன்னும் எத்தன நாள் ஓடியிருக்குமோ."

தலைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தார், ஏதோ நான் பெரிய மனுஷன் போல. நான் பையில் இருந்த புதுத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு வருடத்துக்கு அக்கா தனியாக மெஷினை அளக்கக் கூடாது என்று முடிவாகும்போல் இருக்கிறது, மத்தியானம் எழுத்தில் தருகிறோம் என்றார்கள். அந்த ஆஸ்பத்திரியில் அவர் ஒருவர்தான் என்பதால் வேலை போனது போலத்தான்.

வெளியே நடையில் இருந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

"நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க சார். ஒரு வருஷம்தானே. மகளுக்கு வேலை கிடைச்சிருச்சு, சமாளிச்சுக்குவோம்" என்றார். பிறகு, தரையைப் பார்த்தபடி, "ஒண்ணு கேக்கலாமா சார்?" என்றார்.

"கேளுங்கக்கா."

"அன்னிக்கு நான் ஃபோன்ல பாத்தேன்னு சொன்னதும் நீங்க பேசவே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நான் ஹலோ சொன்னேன். அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். "தெரிஞ்சிருச்சுக்கா" என்றேன்.

"தொண்டைக்கு ட்ரீட்மென்ட் எடுக்குற பெரியவர் ஒருத்தர்" என்றார் அக்கா. "வெள்ளிக்கிழமை வேண்டாம்மான்னு அழுதாரு சார். எச்சில்கூட முழுங்க முடியல. நான்தான் கையப் புடிச்சு, சார்கிட்ட கேட்டுட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போனேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். மூவரும் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் இருந்த தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, இது அக்கா ஃபோன் செய்த மறுநாள், வெள்ளிக்கிழமை, அச்சடித்தது என்றேன். பழைய தாளில் இருந்த வரியைச் சொன்னேன். வகுப்பில் அக்கா கேட்டதையும் நான் அவர் வாயை அடைத்ததையும் சொன்னேன். வியாழக்கிழமையே தெரிந்தும், நிறுத்தவா என்று அவர் கேட்டும், அவசரப்படாதீர்கள் என்று தடுத்ததைச் சொன்னேன். வார்த்தை குழறியது. கதவைத் திறந்தபடியே விட்டிருக்கிறேன், அது எனக்கு அப்போது தெரியவில்லை.

தலைவி கட்டிய கோப்பை மறுபடி பிரித்துப் பேனாவை எடுத்தார்.

"அந்த வெள்ளிக்கிழமை எத்தனை பேருக்கு ட்ரீட்மென்ட் கொடுத்தாங்க?"

அளவில் அரை சதவீதம் பிசகினாலும் பிள்ளைகளின் மதிப்பெண்ணை வெட்டுகிறவன் நான். எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு மாதத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"முப்பத்தொரு பேரு மேடம்" என்றார் அக்கா, எனக்குப் பின்னால் நின்றுகொண்டு. தலைவி அதை எழுதிக்கொண்டார்.