ஹபீஸா வீட்டு ஜன்னலில் ஒரு ரவுட்டர்

திருமூர்த்தியிடம் உதவி கேட்டு யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. 2003-ல் உடுமலைப்பேட்டையிலிருந்து டெக்சாஸ் இர்விங்குக்கு வந்தவன். புதிதாக வந்து இறங்குகிறவர்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவது, டிரைவிங் டெஸ்டுக்குத் தன் காரையே கொடுப்பது எல்லாம் அவன்தான். அந்த நல்ல பெயரில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. பின்னால் நடந்ததற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம்.

2006 கடைசியில், அப்பார்ட்மெண்டின் முன் பிளாக்கில் இருந்த பசுபதி வீட்டு கேபிள் இணைப்பைப் பின் பிளாக்கின் எட்டு வீடுகளும் பகிர்ந்துகொள்ள வழி செய்தான். பழைய ரவுட்டர்களைச் சேகரித்து, லினக்ஸ் ஏற்றி, வீட்டுக்கு ஒன்றாக ஜன்னலில் வைத்தான். ஒவ்வொன்றிலும் டீமன் என்கிற சின்னப் புரோகிராம் ஒன்று ஓயாமல் ஓடும். அக்கம்பக்கத்தில் எந்த ரவுட்டர் விழித்திருக்கிறது என்று சில நொடிக்கொரு தரம் விசாரித்து, யார் வழியாகப் போனால் பசுபதி வீட்டை எட்டலாம் என்று தானே முடிவு செய்துகொள்ளும்.

பின் பிளாக்கிலிருந்து பசுபதி வீட்டை எட்ட இரண்டு ஜன்னல்கள்தான் தோது. ஒன்று திருமூர்த்தியுடையது, மற்றது பக்கத்து வீட்டு ஹபீஸாவுடையது. அடுத்தவர் நெட் சுமையைத் தூக்க எவ்வளவு சம்மதம் என்று அந்தப் புரோகிராமில் ஒரு எண் கொடுக்க வேண்டும். பூஜ்யம் என்றால் தூக்கவே மாட்டேன் என்று பொருள். ஏழு என்றால் எப்போதும் தயார். பிப்ரவரியில் ஒருநாள் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்த்தபோது நெட் இழுத்தது. எரிச்சலில் தன் ரவுட்டருக்குப் பூஜ்யமும் ஹபீஸாவுடையதற்கு ஏழும் போட்டான். இரண்டு நிமிஷ வேலை. அத்தோடு மறந்தும் போனான்.

ஹபீஸா திருச்சியில் மைக்ரோபயாலஜி படித்தவள். கணவர் பசீர் அகமதுவோடு வந்து ஆறு வருஷம், விசா இடம் கொடுக்காததால் வேலைக்குப் போகவில்லை. அந்த வருஷம்தான் அனுமதி கிடைத்திருந்தது. மகள் ஆஸிபாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் இன்சூரன்ஸ் குறியீடு போடுகிற மெடிக்கல் கோடிங் படித்தாள். ஆன்லைன் பரீட்சையில் தேறிவிட்டால் ஒரு கிளினிக்கில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

பரீட்சை 2007 மார்ச் 17, சனிக்கிழமை காலை. அதே காலையில்தான் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் மேட்ச். பின் பிளாக்கில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் முன்னால்தான் கூட்டம். இந்தியா தோற்றது. சாயங்காலம் ஹபீஸா வந்து கதவைத் தட்டினாள்.

"அண்ணா, காலைல நெட்ல ஏதாவது பிராப்ளமா? டெஸ்ட் நடுவுல மூணு தடவ கட் ஆச்சு. அப்புறம் லாக் ஆகி ஃபெயில்னு வந்துடுச்சு. நெட்டாலதான்னு யாராவது எழுதிக் குடுத்தா, பத்து நாளைக்குள்ள மறுபடி எழுத விடுவாங்களாம்."

"நெட் நல்லாத்தானுங்க இருந்துச்சு. எனக்கு மேட்ச் ஒருதடவைகூட நிக்கல. உங்க லேப்டாப் பழசுங்க, அதை செக் பண்ணிப் பாருங்க."

"அப்படித்தான் இருக்கும்ணா" என்று போய்விட்டாள்.

திங்கட்கிழமை வேறு எதற்கோ ரவுட்டர்களின் பதிவுகளைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மற்ற எல்லா வீட்டு மேட்சும் ஹபீஸா வீட்டு ஜன்னல் வழியாகத்தான் போயிருந்தது. அவளுடைய ரவுட்டர் திணறி மூன்று முறை விழுந்து எழுந்திருந்தது. அவன் போட்ட ஏழும் பூஜ்யமும் அங்கேயே இருந்தன. உடனே இரண்டையும் மாற்றினான். ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை.

மூன்று நாள் பொறுத்து மனைவி கலாவதியிடம் சொன்னான்.

"பத்து வரி லெட்டர். எழுதிக் குடுத்துடுங்க."

"எதனால ஆச்சுன்னு கேப்பாங்களே."

"கேட்டா சொல்லுங்க. உங்க பேர் கெட்டுப்போயிடுமாக்கும்."

அதுதான் அவன் பயமும். மறுநாள் கடிதத்தை ஆபீஸில் பிரிண்ட் எடுத்துக் காருக்குள் வைத்தான். கெடுவின் ஒன்பதாவது நாள் பார்க்கிங்கில் ஹபீஸாவைப் பார்த்தபோது கையை ஆட்டிவிட்டு மாடி ஏறினான். பத்தாவது நாளும் போனது. அடுத்த வாரம் அவளே ஒரு டப்பாவில் வட்டலாப்பம் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு கொண்டு வந்தாள். பசீர் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"நீங்க சொன்னது சரிதாண்ணா. இப்ப நெட் பறக்குது. அந்தப் பழசை நம்பி உக்காந்தது என் தப்பு."

அந்த இனிப்பை அவனால் வாயில் வைக்க முடியவில்லை. கலாவதியும் 'சாப்பிடுங்க' என்று சொல்லவில்லை.

அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. கிளினிக்கில் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். ஜூனில் பசீருக்கு நியூஜெர்சி பிஸ்கட்டவேயில் புது புராஜெக்ட் கிடைத்தது. ஏர்போர்ட்டுக்குத் திருமூர்த்திதான் கொண்டு விட்டான். ஃப்ரீவேயில் இரண்டு முறை தொண்டையைச் செருமினான். பசீர் அகமது, "ஏசியைக் குறைக்கவா?" என்று கேட்டார். பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

2009 பிப்ரவரியில், ஒரு ஞாயிறு மதியம், கலாவதி எதிரில் உட்கார்ந்திருக்க, பிஸ்கட்டவேக்கு ஃபோன் செய்தான். ஹபீஸாதான் எடுத்தாள். ஏழு, பூஜ்யம், மேட்ச், கடிதம் என்று ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தான்.

"அந்த லெட்டரை எழுதி வெச்சிருந்தீங்களா?"

"எழுதினேனுங்க. குடுக்கல."

"எனக்குத்தான் வயசாயிடுச்சு, இனிமே படிப்பு ஏறாதுன்னு நினைச்சுட்டேண்ணா. அதுக்கப்புறம் பரீட்சை எழுதவே இல்ல."

"என் மேலதாங்க முழுத் தப்பும்."

"ம். கலாக்கா நல்லா இருக்காங்களா?" என்றாள்.

"நல்லா இருக்காங்க."

"சரிண்ணா. ஆஸிபாவைக் கிளாஸ்லேருந்து கூட்டிட்டு வரணும். வெச்சிடறேன்."

"என்ன சொன்னாங்க?" என்று கலாவதி கேட்டாள்.

"ஒண்ணும் திட்டல" என்றான் திருமூர்த்தி. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பெருநாள்தோறும் பசீர் வீட்டிலிருந்து வாழ்த்து மெயில் வரும். அந்த வருஷம் வரவில்லை. இவன் அனுப்பினான். மூன்றாம் நாள், பசீரிடமிருந்து மட்டும் ஒரு வரியில் நன்றி வந்தது.