ஏ.சி. போட்டபடி ஏலகிரி

“டைப் அடிச்சா வண்டி மலை ஏறுமா பாப்பா?” என்று கேட்டார் மாமா. கேட்டுவிட்டு, யாராவது சிரிக்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தார். ஒர்க்ஷாப்பில் அப்போது இருந்தது நானும் எங்கள் முதலாளியும்தான். முதலாளி சிரிக்கவில்லை. என் மடியில் லேப்டாப் இருந்தது. நானும் சிரிக்கவில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குச் சரக்கு பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்களைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவருவதும், வாரக் கடைசியில் ஏலகிரிக்கு ஏற்றிப்போய் இறக்கிவருவதும் அவர் வேலை. கார் கொஞ்ச நாளாக மலையில் திணறிக்கொண்டிருந்தது. ஆட்கள் நிறைய இருந்தால், பாதி வளைவுகளைத் தாண்டுவதற்குள் மாமா ஏ.சி.யை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் கியரில் உறுமிக்கொண்டு நின்றுவிடும். போன தடவை பின்சீட்டில் இருந்த வெளிநாட்டு அம்மா ஒருவர் முகமெல்லாம் சிவந்து, இறங்கியதும் கம்பெனிக்கு போன் செய்துவிட்டார். “இன்னொரு தடவ ஏ.சி. நின்னுதுன்னா வேற வண்டி வெச்சுக்கறோம்” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு இருக்கும் ஒரே நிரந்தர வேலை அது. அதனால்தான், நம்பிக்கை இல்லாமலே, நான் வேலை செய்யும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் ஒர்க்ஷாப் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. இஞ்சினைக் கழற்றும் வேலை எங்களிடம் கம்மி. இந்தக் காலத்து டீசல் இஞ்சினில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், எப்போது பீய்ச்ச வேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதையெல்லாம் அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஈ.சி.யூ. என்பார்கள். அதற்குள் இருக்கும் எண்களைப் படித்து எடுத்து, தேவையான இடத்தில் மாற்றி, திரும்ப எழுதிவிட்டால் அதே இஞ்சின் இன்னும் பலமாக இழுக்கும். அதைத்தான் மாமா டைப் அடிப்பது என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், உப்புத் தோலை உதறித் தண்ணீரில் ஊறப்போடும் இடத்தில் வேலை செய்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் செக்ஷன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்தபோது வகுப்பில் பெண்கள் ரொம்பக் கம்மி. ஒரு ஈ.சி.யூ.வின் எண்கள் திரையில் படமாக விரிந்ததை முதலில் பார்த்தது இந்த ஒர்க்ஷாப்பில்தான். கட்டம் கட்டமாக இருந்த எண்கள் ஒரு மலை போல எழும்பி நின்றன. ஓரிடத்தில் மலை சட்டென்று சரிந்திருந்தது. ஏன் என்று முதலாளியைக் கேட்டேன். காற்று சூடாகிவிட்டால் இஞ்சின் உருகாமல் இருக்க டீசலைக் குறைக்கிறார்கள் என்றார். இன்னோரிடம், கலப்பட டீசல் போட்டால் சமாளிக்க. வேறோரிடம், காற்று மெலிந்த உயரமான ஊர்களுக்காக. எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, எங்கள் ஊர் சித்திரை வெயிலையும் எங்கள் ஊர் பங்க்கையும் நினைத்துப் பார்த்து ஒருவர் இந்த எண்களை எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. இன்றைக்கும் ஒரு பைலைத் திறக்கும்போது, வணக்கம் சொல்லிவிட்டு ஒருவர் வீட்டுக்குள் நுழைவது போலத்தான் இருக்கும்.

முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு பழக்கம். என்ன அவசரமானாலும் எடுத்தவுடன் எண்ணில் கை வைக்கமாட்டார். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, எல்லா சென்சாரும் சொல்வதைப் பதிவு செய்த பிறகுதான் மற்றது. வண்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் வைத்தியம். ட்யூனிங் அதற்குப் பிறகுதான். வெளியூரிலிருந்து வந்து, “சும்மா ஏத்தி உடு பாய்” என்று கெஞ்சியவர்களை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“நீங்களும் ஆஸ்பத்திரி மாதிரி மொதல்ல டெஸ்ட்டுன்றீங்க” என்றார் மாமா.

“டெஸ்ட்டுக்கு காசு வேணாம். ஏறு” என்றார் பாய்.

மாமா ஓட்டினார். நான் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். மேம்பாலம் ஏறும்போது, “மாமா, ஆக்ஸிலேட்டர முழுசா அழுத்து” என்றேன்.

“அழுத்தினுதாம்மா கீறேன்.”

“இல்ல மாமா, முழுசா.”

“இதுக்குமேல அழுத்துனா காலு ரோட்டுல போயிடும்!”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மிதி தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் திரையில், இஞ்சினுக்குப் போய்ச்சேர்ந்த செய்தி முக்கால்வாசி அழுத்தல் என்றுதான் காட்டியது. மாமா காலால் கத்திக்கொண்டிருந்தார். இஞ்சினின் காதில் கால்வாசி விழவில்லை. இத்தனை நாளாக அது தன்னிடம் கேட்ட அளவுக்குச் சரியாகவே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

“மீட்டர்ல மஞ்ச லைட்டு எதுவும் எரியலயா மாமா?”

“எரியும், அணையும். கண்ண உறுத்திக்கினே இருந்துச்சு. அதான் முருகர ஒட்டிட்டேன்.”

டேஷ்போர்டில் அந்த இடத்தில், வேலோடு சிரித்துக்கொண்டிருந்தார் முருகர். ஓரத்தில் நகத்தால் லேசாக நெம்பினேன். அடியில் மஞ்சளாக மினுங்கியது.

திரும்பி வந்ததும், மிதியிலிருந்து போகும் ஒயரைப் பார்க்க வேண்டும், தரைவிரிப்பைத் தூக்கலாம் என்று பாயிடம் சொன்னேன். மாமா அவசரமாகக் குறுக்கே வந்தார். “அத்த எதுக்கு பாப்பா? இப்பதான் வாசனையெல்லாம் அடிச்சு வெச்சிருக்கேன்.” நான் அதற்குள் ஒரு மூலையைத் தூக்கிவிட்டிருந்தேன். மல்லிகை வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை எழுந்தது. அப்பா வேலை முடிந்து வரும்போது வாசல் வரைக்கும் முன்னால் வந்துவிடும் வாசனை அது.

“பக்ரீத் முடிஞ்சு தோலு ஏத்துனியா மாமா?”

மாமா கூரையைப் பார்த்தார். “எல்லாருந்தான் ஏத்துனாங்க.”

அதுவும் உண்மை. பக்ரீத் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் சக்கரம் இருக்கிற எல்லாம் தோல் ஏற்றும். திமிரி, கலவை என்று சுற்றியுள்ள ஊர்களிலிருந்தெல்லாம் உப்புப் போட்ட ஆட்டுத் தோல், கெட்டுப்போவதற்குள் ஆம்பூர் வந்து சேர வேண்டும். லாரி போதாது. ஆட்டோ, வேன், கல்யாணத்துக்குப் போகும் கார் என்று எதுவும் தப்பாது. மாமா சீட்டை மடித்துவிட்டு தார்ப்பாய் விரித்திருக்கிறார். தார்ப்பாயில் கிழிசல் இருந்திருக்கிறது. உப்புத் தண்ணீர் கசிந்து விரிப்புக்கு அடியில் தேங்கிவிட்டது.

பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “எங்க வீட்டு ஆட்டுத் தோலும் இதுலதான் போச்சா இன்னா?”

“உங்க வீட்டுத்து இல்ல பாய். உங்க மச்சான் வீட்டுத்து” என்றார் மாமா, தலையைச் சொறிந்துகொண்டு.

ஒயர் எங்கே அரித்திருக்கும் என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உப்பு என்ன செய்யும் என்று சின்ன வயதிலிருந்து வீட்டில் பார்க்கிறேன். அப்பாவின் சைக்கிளில் முதலில் போவது செயின் அல்ல, பெடல் சேரும் மூட்டு. டிபன் பாக்ஸில் மூடி நன்றாக இருக்கும், கொக்கி உதிர்ந்துவிடும். இரண்டு பொருள் சேரும் இடம்தான் உப்புக்குப் பிடிக்கும். ஒயரின் நீளத்தை விட்டுவிட்டு நேராக அது இணையும் பிளக்கைப் பிரித்தேன். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பாய் எட்டிப் பார்த்து, “சபாஷ்” என்றார். அவர் அதிகம் சொல்லாத வார்த்தை. அன்றைக்கு அதை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

பிளக்கை மாற்றியதும் மிதி முழுதாகப் பேசியது. முருகரைக் கைப்பிடிக்குப் பக்கத்தில் மாற்றி ஒட்டிக்கொண்டு, மாமா மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி நன்றாகத்தான் போகிறது, ஆனால் ஆட்கள் நிறைந்திருந்தால் கடைசி வளைவுகளில் இன்னும் ஏ.சி.யை அணைக்க வேண்டியிருக்கிறது என்றார். கேட்ட தொனி மாறியிருந்தது. “அந்த டைப்பு அடிச்சிப் பாக்கலாமா பாப்பா?”

பாய் என்னைப் பார்த்து, “நீயே பண்ணு. நான் கடைசியில பாக்கறேன்” என்றார். அதுவரை ஒரு பைலை முழுக்க நான் தனியாக மாற்றியதில்லை.

பலம் எங்கே வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. நெடுஞ்சாலையில் பறக்க மாமாவுக்கு ஒன்றும் தேவையில்லை. வளைவில் வேகம் குறைந்து மறுபடி ஏறும்போது, இஞ்சின் மெதுவாகச் சுற்றும் அந்த இடத்தில்தான் தேவை. மலைபோல் இருந்த படத்தில் அந்தச் சரிவை மட்டும் மெல்ல உயர்த்தினேன். டீசலைக் கூட்டிய இடத்தில் டர்போ காற்றையும் கூட்டினேன், இல்லாவிட்டால் கரும்புகை வரும். சூட்டுக்காக முதலில் எழுதியவர் வைத்திருந்த வரம்புகளைத் தொடவில்லை. புகையைக் குறைக்கும் எதையும் பிடுங்கவில்லை.

“கஞ்சத்தனம் பண்ணாத. ஜாஸ்தியா வெச்சு உடு” என்றார் மாமா.

“கிளட்ச் தேஞ்சு கெடக்குது மாமா. ஜாஸ்தி வெச்சா அது பேஜார் பண்ணும்.”

பாய் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். குறைத்தேன். எழுதும்போது மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும் பெட்டி செத்துவிடும் என்பதால் பேட்டரிக்குத் தனியாகச் சார்ஜர் மாட்டினோம். யாரும் கதவைத் தொடக்கூடாது என்றார் பாய். மாமா கோயிலில் நிற்பது போலக் கைகட்டி நின்றார். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்துபோய் மறுமுனையைத் தொட்டது. சாவியைத் திருப்பினேன். இஞ்சின் எப்போதும் போல எழுந்தது. புகைப் பரிசோதனையில் அளவு சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைக்குப் பாரம் வேண்டும் என்று அம்மாவையும் தையல் செக்ஷன் அக்காக்களையும் ஏற்றினோம். பிரியாணிப் பொட்டலங்களோடு அவர்கள் கல்யாணத்துக்குப் போவது போல வந்தார்கள். நான் லேப்டாப்போடு முன்சீட்டில். மலை அடிவாரத்தில் ஏ.சி. முழு வேகத்தில் ஓடியது. முதல் வளைவுகளை வண்டி பேசாமல் ஏறியது. வழக்கமாக அணைக்கும் வளைவு வந்ததும் மாமாவின் இடது கை தானாக ஏ.சி. சுவிட்சுக்குப் போனது. அங்கேயே நின்றது. வண்டி வளைந்து, மூச்சு வாங்காமல் நேராகி, மேலே இழுத்தது. மாமா கையைத் திரும்ப எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். திரையில் சூடு நான் தொடாமல் விட்ட வரம்புக்குள்ளேயே இருந்தது. கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“டேய், குளுருதுடா. அத்த கொஞ்சம் கம்மி பண்ணு.”

“மாட்டேன்” என்றார் மாமா. “மேல போற வரைக்கும் நடுங்குங்க.”

அடுத்து வந்த வெளிநாட்டுக்காரர்கள் மேலே போய்ச் சேரும்வரை ஏ.சி. நிற்கவில்லை. கம்பெனி வேலை மாமாவிடமே இருக்கிறது. கார் ஸ்டாண்டில் இப்போது அவர் சொல்வது எனக்குக் காதில் வந்து விழுகிறது: “எங்க அக்கா பொண்ணு டைப் அடிச்ச வண்டி இது.”

எனக்கோ இந்த எண்களை முதலில் எழுதியவரின் மேஜை மேல்தான் கண். நான் ஒரு சரிவைக் கொஞ்சம் உயர்த்தினேன். அந்த மலை முழுவதையும் காலிக் கட்டங்களிலிருந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் கம்பெனிகளில் அந்த வேலைக்கு என் டிப்ளமோ போதாது, டிகிரி கேட்கிறார்கள். பாயிடம் சொன்னேன். “அப்ப சாயங்காலம் சீக்கிரம் கெளம்பு” என்றார், ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமல். வேலூரில் வேலைக்குப் போகிறவர்களுக்கான இன்ஜினியரிங் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் வகுப்பு போன திங்கட்கிழமை நடந்தது. மாமாதான் காரில் கொண்டுபோய் விட்டார், ஏ.சி. போட்டபடி.