ஒற்றை வீட்டுப் பால்

மேலகரத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் இப்போது மூன்று வீடுகளில்தான் ஆள் உண்டு. மாடு இருந்தது எங்கள் வீட்டில் மட்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பால் விற்றுத்தான் படித்தேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

போன சாரல் நேரத்தில் லீவுக்கு வந்தபோது, பால் எடுக்கும் வண்டி ஊருக்குள் வருவது நின்றிருந்தது. மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கேட்டேன்.

“ஒத்த வீட்டுப் பாலுக்கு உள்ள வந்தா டீசலுக்கே காணாது தங்கச்சி,” என்றார் டிரைவர். “எல்லாரும் வெளியூர் போயிட்டிய. பெறவு நான் யாருக்கு வர?”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

“படிச்ச புள்ள பேசியும் மசியலையாக்கும்,” என்று அம்மா சிரித்தாள். முழங்கால் வலியோடு அவளால் பாலைச் சுமந்து ரோடுவரை நடக்க முடியாது. நான் ஊரில் இருந்தால் சுமப்பேன். மாட்டைக் கீழப்பாவூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

மறுநாள் காலையில் பழக்கத்தில் அரிவாளோடு இறங்கிய அம்மா, வரப்பு நிறைய வளர்ந்திருந்த புல்லைப் பார்த்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். நான் மதிய பஸ்ஸுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.