ஷம்சாத்தின் ஐம்பத்தேழு மாலைகள்

முடிச்சூரில் எங்கள் தெருவில் அதிக மாலை போட்டுக்கொண்ட கழுத்து ஓர் ஊறுகாய் ஜாடியுடையது. 2003-லிருந்து 2006 வரை ஐம்பத்தேழு மணிமாலைகளை அணிந்து அது போட்டோவுக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறைகூடக் கண்ணைச் சிமிட்டவில்லை. இந்தப் பக்கம் எனக்கு எடுப்பாக இருக்காது என்று திரும்பிக்கொள்ளவும் இல்லை.

ஜாடியின் சொந்தக்காரி ஷம்சாத். அவள் கணவர் வாஜித் பல்லாவரத்தில் ஒரு தோல் பட்டறையில் கைப்பைக்குத் தோல் வெட்டுகிறவர். மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் கறுப்பாக, பளபளப்பில்லாமல் இருந்த ஒன்றை ஜாடிக்குப் போர்த்தி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு ஸ்டூல் மேல் வைத்துத்தான் ஷம்சாத் படம் எடுப்பாள். கேமரா, வாஜித்தின் தம்பி ஜாகிர் துபாயிலிருந்து அனுப்பியது. நேரம், காலை பத்திலிருந்து பத்தரை. அதற்கு முன் நிழல் நீளமாக விழும். அதற்குப் பின் ஒவ்வொரு மணியிலும் ஒரு சூரியன் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்த அரை மணியில் மேலே விமானம் வந்தால் ஷம்சாத் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். விமானம் கொஞ்சம் ஒதுங்கிப் போகும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எடுத்த படத்தைத் தாம்பரத்தில் பிரிண்ட் போட்டு, ஆல்பத்தில் செருகி, கீழே எண் எழுதுவாள். ஒன்றாம் எண் வெறும் ஒற்றை வடம். பதினேழு, இடையிடையே பூப் பின்னியது. நாற்பத்தொன்று, மீன்வலை மாதிரி விரிந்து மார்பு வரை தொங்குவது.

இந்த ஐம்பத்தேழும் ஒரே மணிகள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்கிற ஒருவனிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அந்தக் கண்ணாடி மணிகள் அவளுக்குக் கிடைத்தன. மழை விட்டதும் தார் ரோட்டில் சிந்திய பெட்ரோல் ஒரு நீலம் காட்டுமே, அந்த நீலம். நானூற்றுப் பன்னிரண்டு மணிகள். அடுத்த வெள்ளி போனாள், அவன் இல்லை. பாரிமுனையில் கடை கடையாக ஏறினாள். அவர்கள் காட்டிய நீலமெல்லாம் பிளாஸ்டிக் வாளி நீலம். எனவே ஷம்சாத் ஒன்றைக் கோர்ப்பாள், படம் எடுப்பாள், அறுத்துத் தட்டில் கொட்டுவாள், அடுத்ததை ஆரம்பிப்பாள்.

ஆல்பம் பார்த்தவர்கள் மாலை எங்கே என்று கேட்டால், "உள்ள இருக்கு" என்பாள். அது பொய் இல்லை. வாஜித்தும் ஆல்பத்தை மட்டுமே பார்த்தவர். ஐம்பத்தேழு மாலை வைத்திருக்கிற வீடு என்று பீரோவுக்குத் தனியாக ஒரு பூட்டுப் போட்டார். சாவியைத் தாயத்து மாதிரி பனியனுக்குள் கட்டிக்கொண்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜெயக்கொடி ஆல்பத்தைப் பார்த்தாள்.

ஜெயக்கொடி அந்த ஊரின் பழைய குடி. எங்கள் மனைகள் எல்லாம் ஒரு காலத்தில் அவள் வீட்டு வயல். அதை அவள் மறந்ததும் இல்லை, மறக்க விட்டதும் இல்லை.

"இன்னா ஷம்சாத்து, எங்க நாத்தங்கால்ல என்னா கொழம்பு கொதிக்குது?" என்று கேட்டுக்கொண்டேதான் அடுப்படிக்குள் வருவாள். அன்று வந்தவள் ஆல்பத்தை மூன்று தரம் புரட்டினாள். "வர்ற ஞாயித்துக்கெழம எங்க வூட்டு ஹேமாவதிக்கு ரிசப்ஷன். பொண்ணு கூட நிக்கிறதுக்கு எங்க வூட்டுப் பொண்ணுங்க ஆறு பேரு. ஆளுக்கு ஒண்ணு குடு. ஒரு நாள் தான், பத்திரமா திருப்பித் தந்துடறேன்."

ஆறு எண்களையும் அவளே சொன்னாள். கடைசியாகச் சொன்னது நாற்பத்தொன்று.

ஷம்சாத் "சரிக்கா" என்றாள்.

அன்று சாயங்காலமே மாடம்பாக்கத்துக்கு பஸ் ஏறி, வாஜித்தின் தங்கை ஃபாயிசாவிடம் விஷயத்தைச் சொன்னாள். உலகத்தில் அதை அறிந்த இரண்டாவது ஆள் ஃபாயிசா. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கோயில் புறாக்கள் எழுந்து போயின.

"உண்மையச் சொல்லிடுங்க அண்ணி. என்ன தூக்குலயா போடப்போறாங்க?"

"ஒண்ணுதான்னு தெரிஞ்சா, மூணு வருஷமா நான் ஒண்ணுமே பண்ணலன்னு ஆயிடும் ஃபாயிசா. இப்ப ஐம்பத்தேழு பண்ணவ. அப்புறம் ஒண்ணப் பண்ணிப் பண்ணி அறுத்தவ."

ஃபாயிசா சிரிப்பை நிறுத்தினாள். "எல்லாரும் போட்டோலதானே பார்த்தாங்க? அங்கயும் போட்டோலயே இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஹார்லிக்ஸ் பாட்டில், எவர்சில்வர் தட்டு, நைலான் நரம்பு, கொக்கிகள், ஆல்பம் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள். மணமகள் அறைக்கு அடுத்த சின்ன அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். போட்டோகிராபர் அசரியாவிடம் ஷம்சாத் முகம் மாறாமல் சொன்னாள்.

"ரொம்ப நைஸான மாலைங்க சார். வேர்வை பட்டா போயிடும். ஒவ்வொருத்தரா அனுப்புங்க. படம் எடுத்ததும் கழட்டி எங்கிட்ட குடுத்துடணும்."

"நகைக்காரங்க பேச்சு எப்பவுமே இப்படித்தான்" என்று அசரியா ஒத்துக்கொண்டார்.

வீட்டில் ஒரு மாலைக்கு அவளுக்கு இரண்டு நாள் ஆகும். மண்டபத்தில் பதினெட்டு நிமிஷம். ஷம்சாத் கோர்க்க, ஃபாயிசா அறுத்த மணிகளை எண்ணி எண்ணி நீட்ட, ஊசி இருந்த இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. விரலும் நரம்பும் உரசி லேசாகப் புகை வந்தது. நம்பாதவர்கள் ஃபாயிசாவைக் கேட்கலாம். மாடம்பாக்கத்தில்தான் இருக்கிறாள்.

மூன்று பெண்கள் ஒழுங்காக வந்தார்கள், சிரித்தார்கள், கழற்றிக் கொடுத்தார்கள். நாலாவது பெண் சாவித்ரி, படம் எடுத்ததும் மாலையோடு நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஷம்சாத் ஓடிப்போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"கழட்டும்மா."

"சாப்டுட்டுத் தரேன் ஆன்ட்டி."

"வத்தக்குழம்பு தெறிக்கும்."

"குனிஞ்சே சாப்பிடறேன் ஆன்ட்டி."

சாவித்ரி பொறுமையாகச் சாப்பிடுகிற ஜாதி. அப்பளத்தை நாலாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நியாயம் செய்தாள். பாயசம் இரண்டாம் தரம் வாங்கினாள். ஷம்சாத் சேலைத் தலைப்பை அவள் கழுத்தடியில் ஏந்திப் பிடித்தபடி மோர் வரை நின்றாள். எதிர்ப் பந்திக்காரர்கள், முடிச்சூரில் இது ஒரு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவதும் முடிந்தது. ஆறாவது பெண் வலை மாலையைப் போட்டுக்கொண்டு போனாள். ஷம்சாத் சுவரில் சாய்ந்து மூச்சு விட்ட நேரம், கதவுக்கு வெளியே அசரியாவின் குரல்.

"ஆறு பேரும் மாலையோட ஒண்ணா ஒரு ஷாட் நில்லுங்கம்மா. ஆல்பத்துல நடுப்பக்கம் போடலாம்."

ஃபாயிசா வாயில் இருந்த நரம்பைக் கடித்தே விட்டாள். பாக்கி ஐந்து மாலைகளை வாங்கிப்போக ஜெயக்கொடி கதவைத் திறந்தாள். ஷம்சாத்தின் மடியில் காலித் தட்டு, தரையில் அறுந்த நரம்புத் துண்டுகள், ஐந்து கொக்கிகள். வேறு எதுவும் அங்கே இல்லை.

ஜெயக்கொடி கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"மீதி அஞ்சு எங்க?"

"போட்டுக்கினு போச்சே அந்தப் பொண்ணு... அதுதான்க்கா."

"அது ஆறாவது."

"அதேதான் அஞ்சும்."

ஜெயக்கொடி ஆல்பத்தைப் பார்த்தாள். கொக்கிகளைப் பார்த்தாள். "ஐம்பத்தேழுமா?"

ஷம்சாத் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜெயக்கொடி தன் கழுத்தில் கிடந்த காசு மாலையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். "இது எங்க வூட்டுக் கல்யாண ஆல்பம் நாலுலயும் கீது. நாலு பொண்ணுங்க கழுத்துல. ஊரு எத்தினின்னு எண்ணுது?"

"நாலு."

"நான் எப்பனா நாலு கீதுன்னு சொன்னனா?"

"இல்லக்கா."

"ஒண்ணுதான்னு சொன்னனா?"

"இல்லக்கா."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? மூக்கத் தொட."

வெளியே போனவள், மேடையில் வரிசையாக நின்ற பெண்களைக் கையாலேயே கலைத்தாள். "ஆறு கன்னிப் பொண்ணுங்கள வரிசையா நிக்க வெச்சுப் படம் புடிக்கக் கூடாது தம்பி. ஆவாது."

"யாரும்மா சொன்னாங்க? போன வாரம்கூட எடுத்தேனே."

"எடுத்தியே, அதுல ஒண்ணுக்காச்சும் கல்யாணம் ஆச்சா?"

"ஒரு வாரம்தானேம்மா ஆவுது!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

அசரியா கேமராவைக் கீழே இறக்கினார். பெண்களைப் பெற்றவர்கள் அவரவர் பெண்ணை மேடையிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். மறு வருஷம் எங்கள் தெரு சுப்பராயலு வீட்டுக் கல்யாணத்தில், இது எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கினார்கள். அவர்களும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள்.

கல்யாண ஆல்பம் வந்ததும் ஜெயக்கொடி அதை ஷம்சாத் வீட்டுக்கு எடுத்துவந்து வாஜித்திடம் விரித்துக் காட்டினாள். ஆறு பெண்கள், ஆறு பக்கங்கள், ஆறு மாலைகள். வாஜித் ஒவ்வொன்றையும் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் இன்னொரு பூட்டு வாங்கிவந்து, பழைய பூட்டுக்கு மேலே தொங்கவிட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

பீரோ உள்ளே காலி. மணி பத்தேகால். மாடியில் தொட்டி நிழலில் ஷம்சாத் கேமராவைக் கண்ணில் வைத்திருந்தாள். ஜாடி ஐம்பத்தெட்டாவதைப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.