இடம் மாறிய மச்சம்

சின்னம்மாவின் டேப்லட்டை நான் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் அம்மா. ஒரே ஒரு தடவைதான் நான் அதை மீறினேன். அந்த ஒரு தடவையிலேயே, செத்துப்போன ஒருவரின் முகத்தை மாற்றிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மாவின் தங்கையான சின்னம்மா எங்களோடுதான் இருந்தார். குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பாட்டு மேசை அவருடையதாகிவிடும். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். புகைப்படத்தைப் பார்த்து முகங்களை வரைவார். டேப்லட்டில் படத்தைப் பெரிதாக்கி, அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொள்வார். கேன்வாஸிலும் பென்சிலால் அதே கட்டங்கள். பிறகு அங்கே ஒரு கட்டத்தைப் பார்த்து இங்கே ஒரு கட்டம்.

அப்பாவுக்கு இந்த வித்தையில் மரியாதை இல்லை. “இப்படிக் கட்டம் போட்டா நானும்தான் வரைவேன் லா,” என்பார். ஒருநாள் சின்னம்மா பென்சிலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அப்பா வரைந்த மூக்கு கத்தரிக்காய் மாதிரி வந்தது.

“மூஞ்சின்னு நினைச்சா கை நடுங்கும் மாமா. கட்டம்னு நினைச்சா நடுங்காது,” என்றார் சின்னம்மா. அப்பா கத்தரிக்காயை அழிக்க ரப்பர் தேடினார்.

அம்மாவின் அக்காவும் அவர் கணவரும் பெம்பானில் இருந்தார்கள். பெரியப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. இடது கன்னத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மச்சம். பெரியம்மா ஜாசினில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தார். காலையில் அவரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதும் மத்தியானம் கூட்டிவருவதும் பெரியப்பா. அந்த மோட்டார் சைக்கிளின் ஒரு கண்ணாடி ரோட்டைப் பார்க்கும். இன்னொன்று எப்போதும் உள்பக்கம் திரும்பியிருக்கும். “பின்னாடி லாரி வந்தா எப்படித் தெரியும்?” என்று அப்பா அதைச் சரிசெய்துவிட்டு வருவார். அடுத்த முறை போனால் பழையபடி உள்ளே திரும்பியிருக்கும். பெரியப்பா மீசையை அழகு பார்க்கத்தான் அப்படி வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா திடீரென்று இறந்துபோனார். முதல் வருடப் படையலுக்கு அவர் படத்தை வரைந்து தருவதாகச் சின்னம்மா சொன்னார். இருந்ததோ ஒரே ஒரு நல்ல போட்டோ, யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. பெரியம்மா அதைக் கையைவிட்டுத் தரமாட்டேன் என்றதால், சின்னம்மா பெம்பானுக்குப் போய் டேப்லட்டிலேயே அதைப் படம் பிடித்து வந்தார்.

அன்று அவர் கோடு போடுவதற்கு முன் குளிக்கப் போனார். மேசையில் டேப்லட் திறந்தபடி இருந்தது. திரையின் ஓரத்தில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சின்ன முக்கோணங்கள். தட்டினேன். பெரியப்பா சட்டென்று மறுபக்கம் திரும்பினார். மச்சம் அடுத்த கன்னத்துக்குத் தாவியது. மறுபடி தட்டினேன், திரும்பி வந்தது. வேகமாகத் தட்டத் தட்ட, பெரியப்பா எனக்காக ‘இல்லை, இல்லை’ என்று தலையாட்டுவது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் ஓடிவிட்டேன். எத்தனை தடவை தட்டினேன் என்று எண்ணவில்லை.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் சின்னம்மா கட்டங்களை மட்டுமே பார்த்து வரைந்தார். மச்சம் வந்த கட்டத்தில் மட்டும் பிரஷை வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

படையலன்று படத்தைப் பெரியம்மா வீட்டு ஹாலில் மாட்டி மாலை போட்டார்கள். அப்பாதான் முதலில் கவனித்தார்.

“மச்சம் இந்தப் பக்கமா இருந்துச்சு?”

யாரோ போட்டோவை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தார்கள். மச்சம் மட்டுமல்ல, வகிடு, கோணல் சிரிப்பு, சட்டைப் பை எல்லாமே பக்கம் மாறியிருந்தன. “டேப்லட்டை நம்பினா இப்படித்தான்,” என்று ஒரு குரல் கேட்டது. சின்னம்மாவின் முகம் செத்துப்போயிற்று. “என் தப்புதான்க்கா. புதுசா வரைஞ்சு தரேன்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுப் படத்தைக் கழற்ற ஏறினார். தப்பு யாருடையது என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அந்தக் கோழைத்தனம் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியம்மா வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“கழட்டாதடி.”

“தப்பா இருக்குக்கா.”

“யாரு சொன்னா தப்புன்னு? ஒரு வருசமா அந்தப் போட்டோவைப் பார்த்துக்கிட்டே இருக்கேன், யாரோ மாதிரிதான் இருந்துச்சு. இப்பதான்டி அவரு வந்திருக்காரு.”

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். பெரியப்பா இறந்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. தங்கை மனம் நோகக்கூடாது என்று அக்கா அப்படிச் சொல்வதாக அம்மா சொன்னார். எனக்குத் தோன்றியது வேறு. பாவம், ஒரே வருடத்தில் மச்சம் எந்தக் கன்னத்தில் என்பதே பெரியம்மாவுக்கு மறந்துவிட்டது! தப்பித்துவிட்ட நிம்மதியில், எனக்கு வைத்த வடையை அவர் இலையில் போட்டேன்.

போன மாதம் கார் பட்டறையில் கிடந்ததால், என் கணவரின் மோட்டார் சைக்கிளில் கோலா சுங்கை பாருவுக்கு மீன் வாங்கப் போனோம். கடற்காற்றில் நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. கையை நீட்டி ஒரு பக்கக் கண்ணாடியை உள்பக்கம் திருப்பினார். அதில் அவர் முகம் வந்தது. சிரித்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த தெற்றுப்பல் மறுபக்கம் இருந்தது.

பெரியம்மாவுக்கு வீட்டில் உட்கார்ந்து பேச எங்கே நேரம் இருந்தது? கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் பேசியதெல்லாம் பெம்பானுக்கும் ஜாசினுக்கும் நடுவில்தான். அத்தனை வருடமும் அவர் பார்த்துப் பேசிய முகத்தில், மச்சம் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறது.

“என்ன, திடீர்னு பேச்சைக் காணோம்?” என்றது கண்ணாடியிலிருந்த முகம்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க,” என்றேன். கண்ணாடியைத் திருப்பச் சொல்லவில்லை.