மல்ஹோத்ரா அங்கிள் வீட்டு டிவியும் அம்மாவின் இந்தியும்

குழாயைத் திறந்தால் முதலில் 'புஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். பிறகு இரண்டு இருமல். அதோடு சரி, தண்ணீர் வராது.

எண்பதுகளில் தலைநகரின் மோதி பாக் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில், மாடி வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தச் சத்தம் மறந்திருக்காது. காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் விடுவார்கள். அந்த நேரம் பார்த்து, கீழ்வீட்டு மல்ஹோத்ரா அங்கிள் குழாயிலேயே மோட்டாரை மாட்டி மொத்தத்தையும் உறிஞ்சிக்கொள்வார். அவர் வீட்டு ரோஜாச் செடிகள் ஜம்மென்று குளிக்கும். மாடியில் எங்களுக்குப் பல் தேய்க்கத் தண்ணீர் இருக்காது.

அம்மா பார்க் மூலையில் இருந்த அடிபம்பில் அடித்து, பக்கெட் பக்கெட்டாகப் படியேறுவாள். அப்போது தம்பி வயிற்றில். ஏழு மாசம்.

"கீழ போயி ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்பாள் அப்பாவிடம்.

"நாம பொழைக்க வந்த இடம். அனுசரிச்சுப் போவோம்."

சொல்லிவிட்டு அப்பா டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அப்பா வாயில்லாமலேயே பிழைத்துக் காட்டியவர்.

எனக்கு வேறு கவலை. எங்கள் பிளாக்கிலேயே டிவி இருந்தது மல்ஹோத்ரா அங்கிள் வீட்டில் மட்டும்தான்! வெள்ளிக்கிழமை காமெடி சீரியல் என்றால் எனக்கு உயிர். அம்மா தண்ணீருக்காக வாயைத் திறந்தால் என் டிவி போச்சு. "எதுவும் கேக்காதேம்மா, ப்ளீஸ்" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பேன். ஒன்பது வயசுக் கழுதைக்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது...

அங்கிள் சோபாவில். பிளாக் மொத்தமும் கீழே ஜமக்காளத்தில். அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக. அம்மாவுக்குக் காய்கறிக்காரனிடம் பேசுகிற அளவுக்குத்தான் இந்தி வரும். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

சீரியல் ஹீரோ ஒரு பயந்தாங்கொள்ளி கிளார்க். எதிர்வீட்டுத் தடியன் தினமும் காலையில் இவனுடைய பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். சாயங்காலம் கசங்கிப்போய்த் திரும்பி வரும். அன்றைக்கு ஹீரோவின் பெண்டாட்டி, "பேப்பரை வாங்கிக்கொண்டு வந்தால்தான் டீ" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான் கதை. ஹீரோ கண்ணாடி முன்னால் நின்று வீர வசனம் பேசிப் பார்ப்பான், வாசல் வரை போவான், திரும்பி ஓடி வருவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கடைசியில் அந்தக் கதவைத் தட்டியே விட்டான். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

"பஸ்! பஹுத் ஹோ கயா!"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். "ஏட்டி, என்ன சொல்லுதான்?"

"'போதும், ரொம்ப ஆயிடுச்சு'ங்கறான்மா."

"அடிக்கலையா?"

"இல்லம்மா. பேப்பரைக் குடுத்துட்டான்."

"அம்புட்டுதானா? இதைச் சொல்லவா இம்புட்டு நேரம்?"

ரூம் முழுக்கக் கைதட்டல். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் மல்ஹோத்ரா அங்கிள்! "ஷாபாஷ்! இந்த மாதிரி ஆளுங்களை இப்படித்தான் கேக்கணும்!" என்று இந்தியில் ஒரே குஷி.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்தேன். நேராகப் போய் சோபா முன்னால் நின்றாள்.

"பாயி சாப். ஆப் கா மோட்டர். ஊப்பர் பானி நஹீ." உங்கள் மோட்டாரால் மேலே தண்ணீர் இல்லை என்கிறாள்! மூச்சு வாங்கியது. "பஸ். பஹுத் ஹோ கயா."

ஐயோ! எனக்கு ஜமக்காளத்துக்கு அடியில் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது. டிவியில் ஏதோ விளம்பரம் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

அங்கிள் சிரிக்கப் பார்த்தார். "பெஹன்ஜி, யே தோ நாடக் ஹை..." நாடகம்தானே என்கிறார்!

அம்மா நகரவில்லை.

"அச்சா, தேகேங்கே." சரி, பார்க்கலாம்.

"தேகேங்கே நஹீ" என்றாள் அம்மா. "கல்." பார்க்கலாம் எல்லாம் கிடையாது, நாளைக்கே!

அங்கிள் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

மறுநாள் காலை கீழே மோட்டார் சத்தமே கேட்கவில்லை. எங்கள் குழாய் புஸ்ஸென்று இருமிவிட்டு... கொட்டியது! அப்பா கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். அம்மா அண்டாவை நகர்த்தி வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கீழே போகவே பயந்தேன். "சீரியல் பாக்கத்தானட்டி போறோம்? வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அங்கிள் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். உள்ளே போய் ஒரு பிரம்பு முக்காலியைக் கொண்டு வந்து அம்மாவுக்குப் போட்டார். அன்றிலிருந்து அம்மா ஜமக்காளத்தில் உட்காரவில்லை. நான் இதுவரை பார்த்ததிலேயே பெரிய ஆள் என் அம்மாதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இப்போது மயூர் விஹாரில் சொந்த பிளாட். தமிழை விட எனக்கு இந்திதான் சரளம். போன வாரம் சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் ஒரு கமிட்டிக்காரர், வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் யாரும் இனி லிஃப்டில் ஏறக்கூடாது என்று ஆர்டர் போட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிற செல்விக்கு முழங்கால் வலி. நாங்கள் இருப்பது ஆறாவது மாடி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தியில் நீளமாக ஒரு பதில் அடித்தேன். அழித்தேன். இங்கிலீஷில் அடித்தேன். அதையும் அழித்தேன்.

"என்னட்டி, எழுதி எழுதி அழிக்கே?" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா. விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் வீடு எத்தனாவது மாடி?" என்று கேட்டுக்கொண்டே, குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.