போட்டோவுக்கு ஒரு புத்தகம்

என் மகளுக்கு நாலு வயது. நூலகத்துக்குப் போகும் ஒரு சின்னப் பிள்ளையைப் பற்றிய படப் புத்தகம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தப் பிள்ளை தட்டிலிருந்து தானே புத்தகம் எடுக்கும், பாயில் குப்புறப் படுத்து வாசிக்கும், வீட்டுக்கும் கொண்டுபோகும். தினமும் அதையே வாசிக்கச் சொல்லி என் உயிரை எடுத்தாள். ஒருநாள் கேட்டாள்: "உம்மா, நம்மட ஊர்லயும் இப்பிடி இடம் இரிக்கா?"

"ஓம், இரிக்கி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

கல்முனைக்குடியிலிருந்து ஆட்டோ பிடித்து நூலகத்துக்குப் போனோம். சிறுவர் பகுதி என்று எழுதியிருந்த அறையில் படப் புத்தகங்கள் எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. பூட்டு வேறு. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். பொறுப்பாக இருந்த பெண்ணிடம் ஒன்றை எடுத்துத் தரக் கேட்டேன்.

"சின்னப் புள்ளயள் கிழிச்சிருவாங்க தங்கச்சி. வாசிப்பு மாத விழா வரட்டும். அதிதிகள் வருவாங்க, அப்ப திறப்பம். புள்ளைக்கு வடிவா உடுப்பு உடுத்திக் கூட்டிட்டு வாங்க."

கிழிப்பார்களாம். கிழிக்கட்டுமே. பிள்ளையின் கை படாத படப் புத்தகம் யாருக்கு, அதிதிகளுக்கா? இதையெல்லாம் அங்கே கேட்காமல் திரும்பி வரும் வழி நெடுக ஆட்டோக்காரரிடம் கேட்டேன். பாவம் அந்த மனுஷன்.

மகள் விடவில்லை. அட்டையில் யானை நடந்துபோகும் புத்தகம் ஒன்றைக் கண்ணாடிக்குள் பார்த்து வைத்திருந்தாள். "யான எங்க போகுது உம்மா?" என்று சோறு தின்னும்போதும் கேட்டாள், தூங்கும்போதும் கேட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

வாசிப்பு மாதமும் வந்தது. நூலக வாசலில் பெனர் கட்டியிருந்தார்கள். அதிதிகளுக்கு மாலை, பிறகு பேச்சு, அதன்பிறகும் பேச்சு. வாசிப்பின் மகிமையை அவர்கள் விளக்க விளக்கப் பிள்ளைகள் வியர்த்து வடிந்தார்கள். ஒருவழியாக அலுமாரியைத் திறந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். என் மகள் யானையைக் கேட்டு வாங்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் முதல் பக்கத்தைத் திறக்கப் போனாள்.

"புள்ள, புத்தகத்த மூடுங்க. அட்ட தெரியணும். நெஞ்சோட புடிச்சிட்டு இஞ்ச பாத்துச் சிரிங்க," என்றார் போட்டோ எடுத்தவர்.

மூடினாள். சிரித்தாள். போட்டோ எடுத்து முடிந்ததும் சிறுவர் பகுதிக்குப் பொறுப்பான அந்தப் பெண் புத்தகங்களை வரிசையாக வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் எழும்பிப் போய், "மிஸ், புள்ள கொஞ்ச நேரம் பாக்கட்டுமே" என்றேன். "அதிதிகள் தேத்தண்ணிக்கு எழும்பிட்டாங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னால் போய்விட்டார்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அன்று பின்னேரம் வீட்டில், நூலகத்துக்குப் போகும் பிள்ளையின் அந்தப் பழைய புத்தகத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை நெஞ்சோடு பிடித்து, அட்டை தெரிய, சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"தொறங்க மகள், வாசிப்பம்."

"வாசிச்சிட்டன் உம்மா," என்றாள்.